மரம் என்றால் தற்காலிகமா?

வன்னியில் வீடு பற்றிப் பேசுகின்ற எல்லோரும் எண்ணிக்கையைத்தான் பேசுகிறார்கள். இத்தனை ஆயிரம் வீடுகள், இத்தனை கோடி ரூபா, இத்தனை பயனாளிகள். அமைச்சர் பேசுவதும் அதுவே. அவரை எதிர்த்து அறிக்கை விடுபவர் பேசுவதும் அதுவே. வீட்டை எதனாற் கட்டுவது என்ற கேள்வி எழும்போது மட்டும் கட்சி வேறுபாடின்றி ஒரே பதில் வருகிறது: கல்லும் சீமெந்தும். அந்த ஒற்றுமையைக் கொஞ்சம் குலைத்துப் பார்க்க விரும்புகிறேன். புதுக்குடியிருப்பிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இனிமேற் கட்டப்படும் மேல்மாடிகளின் தளம், கீழே மர வளையும் மேலே மெல்லிய கொங்கிறீற்றும் ஒன்றாகப் பிணைந்த கூட்டுத்தளமாக இருக்க வேண்டும் என்பது என் வாதம். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடலாம்.

நான் பொறியியலாளன் அல்லன். கலைப்பீடத்திற் படித்துப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன். ஆனால் இடிந்த வீடுகளைப் பற்றியே ஆண்டுக்கணக்கில் எழுதியவனுக்கு, வீடு எப்படி நிற்கிறது என்று கேட்கும் உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

முதலில், ஏன் மேல்மாடி? பரந்தன் – முல்லைத்தீவு வீதியிற் பயணம் செய்து புதுக்குடியிருப்பை அடைபவருக்கு இடவசதிக்குக் குறைவே இல்லை என்றுதான் தோன்றும். இருபுறமும் வெளி, அதற்கப்பால் காடு. ஆனால் அந்தக் காட்டின் எல்லைக்கல் எங்கே நடப்படுகிறது என்பதை வனத் திணைக்களம் தீர்மானிக்கிறது. வேறு சில காணிகளின் வேலி எங்கே நிற்கும் என்பதைப் பாதுகாப்புத் தரப்புத் தீர்மானிக்கிறது. 2017 இல் கேப்பாப்பிலவிலும் புதுக்குடியிருப்பிலும் மக்கள் வீதியோரத்தில் அமர்ந்து தங்கள் சொந்தக் காணிகளைக் கேட்டது உலகத் தமிழர் எல்லோரும் அறிந்த செய்தி. எஞ்சியது குடியிருப்புக் காணி ஒன்று. அதன் மேல் ஒரு வீடு. 2009 இல் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கு இன்று இருபது வயது கடந்துவிட்டது. அந்த வீட்டில் அப்படி இரண்டு பிள்ளைகள், மூன்று பிள்ளைகள். மகளுக்குச் சீதனமாக எதைக் கொடுப்பது? காணியைத் துண்டாக்கிக் கொடுக்கலாம். அல்லது மேலே கட்டிக் கொடுக்கலாம்.

வீடு என்று நான் சொல்வது பெரும்பாலும் இந்திய வீட்டுத்திட்டத்தில் வந்த வீட்டையோ அதைப் போன்ற ஒன்றையோதான். மொத்தம் 50,000 வீடுகள், அவற்றில் 46,000 வடக்குக் கிழக்குக்கு. வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா தவணை தவணையாகப் பயனாளியின் கையிற் கொடுக்கப்பட்டது. குறைந்தது 550 சதுர அடி. அந்தத் திட்டத்தில் எனக்குப் பல குறைகள் தெரியும், ஆனால் கட்டும் அதிகாரத்தை வீட்டுக்காரரிடமே கொடுத்தது என்ற ஒரு நன்மைக்காக அதை நான் எப்போதும் ஆதரித்து எழுதியிருக்கிறேன். பின்னர் வந்த தேசிய வீடமைப்புத் திட்டங்களின் கதை வேறு. 2019 இன் ஆட்சி மாற்றத்தோடு கொடுப்பனவுகள் நின்றுபோக, வடக்கெங்கும் அத்திவாரத்தோடும் அரைச் சுவரோடும் குடும்பங்கள் கடனாளிகளாக நின்றன. அந்தச் சுவர்களில் இன்று வரை எத்தனை பாசி பிடித்துக் கிடக்கின்றன என்பதை அந்த வீதிகளில் நடந்தவர்கள் அறிவார்கள்.

இப்போது அந்த வீட்டின் மேல் ஒரு மாடி ஏற்ற வேண்டும் என்று மேசனைக் கேளுங்கள். ஐந்து அங்குலப் பிளேற் போட வேண்டும் என்பார். கணக்குப் போடப் பென்சிலும் காகிதமும் போதும். ஐந்து அங்குலக் கொங்கிறீற் தளம் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 300 கிலோகிறாம் எடை. 550 சதுர அடி என்பது 51 சதுர மீற்றர். ஆக, ஆளும் பொருளும் ஏறுமுன்னரே பதினைந்து தொன். இதைத் தாங்குவது ஒற்றை மாடிக்கென்று போட்ட அத்திவாரமும் ஆறு அங்குலச் சீமெந்துக் கல்லும். எனவே தூண் எழுப்ப வேண்டும், வளை போட வேண்டும், கம்பி வேண்டும், நாற்பது மூடை சீமெந்து வேண்டும். 2022 இன் நெருக்கடியில் சீமெந்து விலை ஓராண்டுக்குள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியபோது, அந்த ஊரில் எத்தனை மேல்மாடிகள் கற்பனையிலேயே இடிந்தன என்று எந்தத் திணைக்களமும் எண்ணவில்லை. மணலோ, முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் ஆறுகளைத் தோண்டி இரவோடு இரவாக ஏற்றப்படும் பொருளாகிவிட்டது.

ஐந்து அங்குலத் தளத்துக்குள்ளே நடப்பது என்ன என்று ஒரு பொறியியல் நண்பரிடம் நான் கேட்டறிந்தது, என்னைச் சற்றே திடுக்கிட வைத்தது. தளத்தின் மேல் பாரம் ஏறும்போது அது நடுவில் தொய்கிறது. அப்போது தளத்தின் மேற்பகுதி நெரிபடுகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது. கொங்கிறீற் நெரிப்பைத் தாங்குவதில் வீரன், இழுத்தாலோ வெடித்துவிடும். ஆகவேதான் கீழே கம்பி போடுகிறோம். அப்படியென்றால், கம்பியைச் சுற்றியுள்ள கீழ்ப்பாதிக் கொங்கிறீற் என்ன வேலை செய்கிறது? கம்பியைத் துருவிலிருந்தும் தீயிலிருந்தும் காப்பதும், அதை இடம் பெயராமற் பிடித்திருப்பதும் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை. தன் சொந்த எடையைச் சுவர் மீது ஏற்றிக்கொண்டு கிடக்கிறது. நமது ஏழைக் குடும்பம் அந்தக் கீழ்ப்பாதிக்கும் சீமெந்து வாங்குகிறது.

கூட்டுத்தளத்தின் தத்துவம் அந்தக் கீழ்ப்பாதியை எடுத்துவிட்டு அங்கே மரத்தை வைப்பது. மரம் இழுவையை நன்றாகத் தாங்கும். இரண்டடிக்கு ஒன்றாக மர வளைகள். அவற்றின் மேல் பலகை. அதன் மேல் இரண்டரை அங்குலம் அளவில் கொங்கிறீற், வெடிப்பைத் தடுக்க ஒரு மெல்லிய கம்பி வலை. எடை சதுர மீற்றருக்கு 180 கிலோகிறாம் அளவிலே நிற்கும். அதே 550 சதுர அடியில் ஆறு தொன் குறைகிறது. சீமெந்து மூடைகள் பாதியாகின்றன.

ஆனால் மரத்தின் மேல் கொங்கிறீற்றை ஊற்றிவிட்டால் மட்டும் கூட்டுத்தளம் ஆகிவிடாது. இதை வன்னி வாசகருக்கு விளக்க எனக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. பதுங்கு குழியின் கூரையை நினைத்துப் பாருங்கள். பனங்குற்றிகளை நெருக்கி அடுக்கி, மேலே மண்மூடைகளைப் போட்டோம். குற்றிகள் தாங்கின, மண் வெறும் பாரமாக இருந்தது. இரண்டும் சேர்ந்து வளையவில்லை. இரண்டு பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நடுவில் ஏறி நில்லுங்கள். அவை ஒன்றின் மீது ஒன்று வழுக்குவதை ஓரத்திற் காணலாம். அதே இரண்டையும் வழுக்காதபடி முழுதாக ஒட்டிவிட்டால் விறைப்பு நான்கு மடங்காகும். மரத்துக்கும் கொங்கிறீற்றுக்கும் இடையே அந்த வழுக்கலைத் தடுப்பதுதான் முழு வித்தையும். தடித்த திருகாணிகளை மரத்திற் பாதி இறக்கி, மீதித் தலையைக் கொங்கிறீற்றுக்குள் விடலாம். அதைவிட விறைப்பானது, மரத்தின் மேல்முகத்தில் உளியாற் குடைவுகள் வெட்டி, அவற்றுக்குள் கொங்கிறீற் இறங்கிப் பல்லாகப் பிடிக்கும்படி செய்வது. வழுக்கும் விசை சுவரருகே அதிகம், நடுவே குறைவு. ஆகவே பிணைப்புகள் ஓரங்களில் நெருக்கமாகவும் நடுவில் ஐதாகவும் அமைய வேண்டும். குடைவு வெட்டத் தெரியாத தச்சர் வன்னியில் இருக்கிறாரா? கொங்கிறீற் குழைக்கத் தெரியாத மேசன் இருக்கிறாரா? இருவரும் ஒரே நாளில் ஒரே கூரையின் கீழ் நிற்பதுதான் இங்கே புதுமை.

இது நேற்று வந்த நாகரிகமும் அல்ல. முதலாம் உலகப் போருக்குப் பின் இரும்புக்குத் தட்டுப்பாடு நிலவிய ஜேர்மனியில், 1922 இலேயே பவுல் முல்லர் என்பவர் செங்குத்தாக நிறுத்திய பலகைகளின் மேல் கொங்கிறீற் இடும் முறைக்கு உரிமம் பெற்றார். 1930களில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திற் பாலங்களுக்கு இம்முறை கையாளப்பட்டது. போரில் தோற்று, கம்பி வாங்க வழியில்லாமல் நின்ற நாடு கண்டுபிடித்த தளம் இது என்பதைப் புதுக்குடியிருப்பில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பக்கத்திலும் இதற்கு ஒரு பெரியப்பன் உண்டு. சென்னையின் பழைய கட்டடங்களில் 'மெட்ராஸ் டெரஸ்' என்பார்கள்: தேக்கு வளைகளின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வரிசையில் குத்துக்கல்லாக நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்திட்டு, அதன் மேல் செங்கற் சல்லிச் சுண்ணாம்புக் கொங்கிறீற் போட்டு இடித்து இறுக்குவார்கள். நூறாண்டு தாண்டியும் அவற்றின் மேல் ஆட்கள் நடக்கிறார்கள். கம்பியும் சீமெந்தும் மலிந்த பிறகு அந்தக் கொத்தனார்களின் கை மறந்துபோயிற்று.

இன்றைய நிலையோ, ஒஸ்திரியாவின் டோர்ன்பேர்ன் நகரில் 2012 இல் எட்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்று இத்தகைய தளங்களால் எழுந்தது. வியன்னாவில் ஹோஹோ எனப்படும் 24 மாடிக் கட்டடத்தின் தளங்களும் மரமும் கொங்கிறீற்றும் இணைந்தவை. நோர்வேயில் மியோசா ஏரிக்கரையில் 2019 இல் எழுந்த 18 மாடி மரக்கட்டடத்தின் உச்சி மாடிகளில் கொங்கிறீற் தளங்களை வைத்தார்கள். காற்றில் ஆடாமலிருக்க அங்கே எடை தேவைப்பட்டது. ஐரோப்பியத் தரப்படுத்தல் அமைப்பு 2021 இல் மர – கொங்கிறீற் கூட்டுக் கட்டமைப்புகளின் வடிவமைப்புக்கென்றே தனி விதிமுறை வெளியிட்டிருக்கிறது. எனக்கு 24 மாடி வேண்டாம். வீட்டுக்கு ஒரு மேல்மாடி; தாதியருக்கும் ஆசிரியருக்கும் கட்டும் அரச விடுதிகளுக்கு மூன்று மாடி. அவ்வளவே.

பிறகு ஏன் நடப்பதில்லை? காரணம் பொறியியலில் இல்லை. இதைப் பற்றி நான் புதுக்குடியிருப்பில் ஒரு தாயிடம் பேச்சுக் கொடுத்தேன். மகளுக்கு மேலே கட்ட வேண்டும் என்று கல் அடுக்கி வைத்திருப்பவர். "மரத்திலையோ தம்பி? கொட்டிலில இருந்து இப்பதானே வெளிக்கிட்டனாங்கள்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த ஒரு வசனத்துக்குள் இருபது ஆண்டு வரலாறு இருக்கிறது. 2004 இன் ஆழிப்பேரலைக்குப் பின் முல்லைத்தீவுக் கரையில் மரக்கால் நட்டுத் தகரம் போட்டவை தற்காலிக வீடுகள். செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பியவர்களுக்குக் கிடைத்தவை தறப்பாளும் தகரமும் தடிகளும், அதுவும் தற்காலிகம். தற்காலிகம் என்று எழுதப்பட்ட ஒவ்வொன்றிலும் மரம் இருந்தது. நிரந்தரம் என்று எழுதப்பட்ட ஒவ்வொன்றிலும் கல் இருந்தது. கல்வீடு என்ற சொல்லுக்கு நம் சமூகத்தில் எப்போதுமே ஒரு மதிப்பு உண்டு. போர் அதை மானப் பிரச்சினையாக்கிவிட்டது. அந்தத் தாயின் அச்சத்தை நான் மதிக்கிறேன். அதைப் பயன்படுத்திப் பிழைப்பவர்களை மதிக்கவில்லை.

இரும்பு வீட்டுக் கதையை நினைவூட்டுகிறேன். 2015 இல் மீள்குடியேற்ற அமைச்சராக இருந்த சுவாமிநாதன் அவர்கள் வடக்குக் கிழக்குக்கு 65,000 வீடுகளை ஆர்செலோர் மித்தல் நிறுவனத்தின் உருக்குப் பொருத்து வீடுகளாகக் கொண்டுவர முனைந்தார். வீடொன்றுக்கு இருபத்தொரு இலட்சம் ரூபாவுக்கு மேல். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர் உட்படப் பலரும் அத்திவாரம், காற்றோட்டம், வீட்டைப் பின்னர் பெருப்பிக்க முடியாமை என்று குறைகளை அடுக்கினர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் எதிர்த்தது. 2017 இல் அது 6,000 ஆகச் சுருங்கி, கடைசியிற் கைவிடப்பட்டது. அடுத்து 2018 இல் 40,000 கொங்கிறீற் வீடுகளைச் சீன நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்கப் பார்த்தார்கள். மக்கள் கல்வீடுதான் வேண்டும் என்று நின்றதும் அதுவும் கைமாறிப் போயிற்று.

இரண்டையும் நிராகரித்தது முழுக்க முழுக்கச் சரி. ஆனால் அந்த நிராகரிப்பிலிருந்து நம் அரசியல்வாதிகள் எடுத்துக்கொண்ட பாடம், 'சீமெந்துக் கல்லைத் தவிர வேறெதுவும் சதி' என்பது. அது பாடமல்ல, சோம்பல். இரும்பு வீட்டில் இருந்த குற்றம், ஊர்த் தச்சரும் மேசனும் அதில் ஓர் ஆணியைக்கூட மாற்ற முடியாது என்பதுதான். அது முழுதாக வெளியிலிருந்து வந்து இறங்கும். பழுதானால் வெளியிலிருந்தே ஆள் வர வேண்டும். நான் சொல்லும் தளத்தில் வெளியூர்ப் பொருள் என்றால் சீமெந்தும் திருகாணியும் கம்பி வலையும் மட்டும்.

புலம்பெயர்ந்த வாசகர்களிடம் ஒரு கேள்வி. ரொறன்ரோவில், ஸ்காபரோவில், மார்க்கத்தில் நீங்கள் கடன்பட்டு வாங்கியிருக்கும் இரண்டு மாடி வீட்டின் சுவரில் ஒரு துளை போட்டுப் பாருங்கள். வெளியே தெரியும் செங்கல் ஒரு போர்வை. உள்ளே நின்று தாங்குவது மரச்சட்டம். மேல்மாடியில் உங்கள் பிள்ளைகள் ஓடும்போது அதிர்வது மரத்தளம். ஒன்ராறியோவில் 2015 இலிருந்தே ஆறு மாடி வரை மரச்சட்டத்திற் கட்ட அனுமதி உண்டு. ஒஸ்லோவில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லவே தேவையில்லை. அங்கே மரவீட்டில் மானத்தோடு வாழும் நீங்கள், ஊரில் தங்கையின் வீட்டுக்குக் காசு அனுப்பும்போது மட்டும் "முழுக்கக் கொங்கிறீற்றாப் போடு, ஊர் பார்க்கட்டும்" என்று தொலைபேசியிற் சொல்வது ஏன்? ஊர் பார்க்கிறது. பார்த்துவிட்டு, காசு அனுப்ப ஆளில்லாத அடுத்த வீடும் அதே ஐந்து அங்குலத்துக்குக் கடன்படுகிறது.

மறுப்புகளுக்கு வருவோம். கறையான் என்பார்கள். உண்மை, வன்னிக் கறையான் யாருக்கும் இளைத்ததல்ல. மரத்தைப் போரிக் உப்புக் கரைசலில் ஊறவைத்துப் பதப்படுத்தும் முறை இலங்கையில் புதிதல்ல. அதைவிட முக்கியமானது வளையின் நுனி. அதைச் சுவருக்குள் புதைத்துச் சாந்தால் மூடினால் ஈரம் தங்கி உக்கும். காற்று ஓட இடைவெளி விட்டு, கீழே ஈரத்தடுப்பு வைத்தால் தப்பும். ஈரக் கொங்கிறீற்றை ஊற்றுமுன் பலகை மேல் பொலித்தீன் விரிக்க வேண்டும்; இல்லாவிட்டால் மரம் தண்ணீரைக் குடித்து வீங்கும். தீ என்பார்கள். தடித்த மரம் நிமிடத்துக்கு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகவே கருகிக்கொண்டு உள்ளே போகும். உருக்கோ 600 பாகைச் சூட்டை நெருங்கும்போது பாதிப் பலத்தை இழந்துவிடும். எரிந்த வீடுகளில் முறுகிக் கிடந்த இரும்பு வளைகளை நாம் பார்த்திருக்கிறோம்.

காடு என்பார்கள். இந்த மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். முல்லைத்தீவு, தீவிலேயே காடு அதிகம் எஞ்சியுள்ள மாவட்டங்களுள் ஒன்று. மேல்மாடி என்ற பெயரில் முதிரையும் பாலையும் இரவில் ஏற்றப்படுமானால் இந்தக் கட்டுரையை நான் எழுதாமலே இருந்திருக்கலாம். ஆனால் இந்தத் தளத்துக்கு முதிரை தேவையில்லை. கொங்கிறீற் கை கொடுப்பதால் சிறு பருமன் மரமே போதும். முள்ளியவளைப் பக்கத்தைப் போன்ற தேக்கங்காடுகளில் ஐதாக்குவதற்கென்று வெட்டும் இளமரம், வளவில் நிற்கும் வேம்பு, அனுமதியோடு தறிக்கும் முதிர்பனை ஆகியவற்றை முதலிற் சோதித்துப் பார்க்கலாம். 550 சதுர அடிக்கு மூன்றங்குலம் எட்டங்குல வளைகள் என்று வைத்தால் 45 கன அடி மரம், பலகை வேறு. இது இலவசமல்ல. இப்போது வெட்டும் தேக்கு கதிரையாகவும் கட்டிலாகவும் தெற்கே போகிறதே, அதில் ஒரு பங்கை அந்த மாவட்டத்து வீடுகளுக்குக் கட்டுப்பாட்டு விலையிற் கொடுக்க அரச மரக்கூட்டுத்தாபனத்தைக் கேட்பதற்கு எந்தப் பாராளுமன்ற உறுப்பினருக்கு வாய் வலிக்கிறது?

கடைசி மறுப்பு உண்மையான மறுப்பு. நாளடைவில் தொய்யும் என்பது. ஆம், தொய்யும். பாரம் தொடர்ந்து இருக்கையில் மரமும் கொங்கிறீற்றும் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கின்றன. கொங்கிறீற் காயும்போது சுருங்க முயல, மரம் அதைப் பிடித்திழுக்க, அதனாலும் தளம் வளைகிறது. முதல் நாள் தொய்வு ஆண்டுகள் செல்ல இரண்டு, மூன்று மடங்காகலாம். மாரியில் ஈரமும் கோடையில் வரட்சியுமாக மாறும் வன்னிக் காலநிலை இதைக் கூட்டும். நடக்கும்போது அதிர்வும் பார்க்க வேண்டும். ஐரோப்பியக் கணக்கு ஐரோப்பிய ஊசியிலை மரத்துக்கும் அவர்கள் காலநிலைக்கும் போட்டது. நம் தேக்குக்கும் வேம்புக்கும் பனைக்கும் பிணைப்பு எவ்வளவு வழுக்கும் என்பதை இங்கேதான் அளக்க வேண்டும். இந்த அட்டவணை இல்லாமல் யாரும் ஆர்வக்கோளாறில் மரத்தின்மேல் கொங்கிறீற் ஊற்றக் கூடாது. பழைய அத்திவாரத்தைப் பொறியியலாளர் பார்க்காமல் மாடி ஏற்றவும் கூடாது.

அளக்க முடியாத வேலையா இது? குலசிங்க அவர்கள் கட்டியெழுப்பிய தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம், முன்னிறுக்கிய சிறு கொங்கிறீற் வளைகளின் மேல் மெல்லிய தளம் போடும் முறையை இந்த நாட்டிலேயே உருவாக்கி, நாடு முழுவதும் பரப்பியது. தெற்கிலும் வடக்கிலும் மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். அந்த வளையை எடுத்துவிட்டு மர வளையை வைப்பதுதான் அடுத்த படி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. அங்கிருந்து புதுக்குடியிருப்புக்குப் பேருந்து ஓடுகிறது. ஒவ்வொரு மரத்திலும் மூன்று தளத்துண்டுகள், பதின்மூன்று அடி நீளம். குடைவு வெட்ட ஒரு தச்சர், ஊற்ற ஒரு மேசன், அளக்க நான்கு மாணவர்கள். வீட்டுக்குரிய பாரமான சதுர மீற்றருக்கு 200 கிலோகிறாமை, அதாவது ஐம்பது கிலோ மண்மூடை நான்கை, அடுக்கி வைத்து ஒரு கோடையும் ஒரு மாரியும் விட்டுவிட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை நடுவில் எத்தனை மில்லிமீற்றர் இறங்கியிருக்கிறது என்று எழுதி, அதை ஊர் மக்கள் பார்க்கும் இடத்தில், புதுக்குடியிருப்புப் பிரதேச செயலகத்து முற்றத்திலேயே, செய்ய வேண்டும். அந்தத் தாயும் வந்து ஏறி நின்று பார்க்கலாம். இதற்கு ஆகும் செலவு ஒரே ஓர் இரும்பு வீட்டின் விலையைத் தாண்டாது.